ஒரு தம்ளர் வெள்ளம்

வரும் சனிக்கிழமையிலிருந்து மட்டாஞ்சேரி வாசகசாலையின் மாடியில் கதை, கவிதை எழுதப் பழக்கும் தமிழ் எழுத்து வகுப்பை நீங்கள் இருவரும் நடத்தப் போகிறீர்கள். அதற்கு முன் என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். கேட்டவுடனே எனக்குச் சந்தேகம் வந்தது. இருபது வருஷமாக அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் திடீரென்று சாவியைத் தூக்கிக் கொடுக்கிறாளே, என்ன விஷயம் என்று தெரிந்துகொள்ளத்தானே கேட்கிறீர்கள்? பரவாயில்லை. உங்களுக்குச் சொல்லியாக வேண்டிய விஷயம்தான்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. பஜார் ரோட்டில் மிளகு வாங்கினால் இரண்டு மணியைக் கடித்துப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டேன். மேடையில் யாராவது என் கவிதைகளை வானளாவப் புகழ்ந்தால், அடுத்த வாரம் முன்னுரை கேட்டு வருவார் என்று எண்ணிக்கொள்வேன். பெரும்பாலும் வருவார். மலையாளத்திலிருந்து தமிழுக்கு முப்பது வருஷம் மொழிபெயர்த்தவளுக்கு இந்தக் குணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம், ஆபத்தில்லை. தெரிந்த சொல்தான் காலை வாரிவிடும். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "பட்டி உண்டு, பட்டி உண்டு" என்று கத்தினார். ஏதோ கிராமத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன். இங்கே பட்டி என்றால் நாய். தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு அந்தச் சொல் மறக்கவே இல்லை.

ஆனால் அந்த நாயைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது ஒரு கவிதைத் தொகுப்பு. வகுப்பு ஆரம்பித்த சில வருஷங்களில், நல்ல சட்டை போட்ட ஒரு மாணவர் வந்தார். களமசேரிப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. அவர் கவிதைகளைப் படித்து நான் சொக்கிப்போனேன். புத்தகமாக வந்தபோது முன்னுரை நான்தான் எழுதினேன். அதில் ஒரு வரி, "கடலே, எனக்கு ஓர் அவசரம் கொடு". நிதானத்தின் கடலிடம் அவசரத்தை யாசிக்கும் புதிய குரல் என்று அதைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தள்ளினேன். புத்தகம் வந்து ஒரு மாதத்தில் திருச்சூரிலிருந்து ஒரு மூத்த மலையாளக் கவிஞர் கடிதம் போட்டார். கூடவே பழைய வார இதழ் ஒன்றின் நகல். அந்த மாணவரின் கவிதைகள் அத்தனையும் இவருடையவை. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. கடலிடம் அவர் கேட்டது ஒரு சந்தர்ப்பம். கடிதத்தில் கோபமே இல்லை. மொழிபெயர்ப்பு மோசமில்லை, என் பெயர் மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். தமிழ்க் கவிதையில் ஒரு சொல் மலையாள அர்த்தத்தில் நின்றால், அது திருடன் விட்டுப்போன செருப்பு. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பெருமைகூட இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு விதி என்றைக்காவது கிடைக்கும். அவமானப்பட்டுக் கற்ற விதியை மனிதர்கள் மறுபடி சோதித்துப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நஸீமா வகுப்புக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. கூவப்பாடத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம், நான்கு தலைமுறையாக இங்கேதான். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்காருவார். கேள்வி கேட்க மாட்டார். மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, நான்கு தாள்களை என் மேஜையில் வைத்துவிட்டு, "நேரம் கிடைக்கும்போது நோக்குங்க டீச்சர்" என்று போய்விட்டார்.

முதல் தாளில் இருந்தது இது:

பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு
ஒரு தம்ளர் வெள்ளம் கொண்டுபோனேன்.
குடிச்சிட்டு எழும்பிப் போனாங்க.
நான் இன்னும் முங்கிட்டே இருக்கேன்.

இரண்டாவது தாளில் இரண்டே வரி:

அத்தா வீட்டுல எனக்கு அவகாசம் இல்ல.
மாப்பிள்ளை வீட்டுல எனக்கு அவகாசமே இல்ல.

படித்ததும் உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷத்தில் அந்த மாடியில் இப்படி ஒன்றை நான் படித்ததில்லை. சிலிர்த்த மறு நிமிஷமே பென்சிலை எடுத்தேன். வெள்ளம் என்றால் இங்கே குடிதண்ணீர். அவகாசம் என்றால் இங்கே உரிமை. இரண்டு மலையாள அர்த்தங்கள், இரண்டு செருப்புகள். "தண்ணீர்" என்றும் "உரிமை" என்றும் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு அடுத்த வாரம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனாலும் ஆசை விடவில்லை. நல்ல கவிதையைப் பார்த்தால் ஆசிரியருக்கு ஒரு பேராசை வரும், அதை உலகத்துக்குக் காட்டிய ஆளாகத் தான் இருக்க வேண்டும் என்று. அடுத்த சில மாதங்களில் நஸீமா நாற்பது கவிதைகள் கொடுத்தார். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய பதிப்பாளருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவர் குதித்தார். புத்தகம் போடுவோம், நீங்கள் முன்னுரை எழுதுங்கள் என்றார். நஸீமாவிடம் சொன்னபோது அவர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் பேரு அட்டையில வருமா டீச்சர்? முழுப் பேரும்?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுடைய துணியைத் தைத்தவர். கடை போர்டில் இருப்பதுகூட அவர் கணவர் பெயர்தான்.

முன்னுரை என்றதும் எனக்குப் பழைய காயம் வலிக்க ஆரம்பித்தது. நான் நஸீமாவைக் கண்காணிக்கத் தொடங்கினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பார்க்கப் பார்க்கச் சாட்சி சேர்ந்துகொண்டே போனது. வகுப்பில் பத்து நிமிஷப் பயிற்சி கொடுத்தால் எல்லோரும் குனிந்து எழுதுவார்கள், நஸீமா மட்டும் பேனாவைத் திறக்க மாட்டார். "வீட்டுல எழுதிட்டு வர்றேன் டீச்சர், இங்க இருந்தா வரல" என்பார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை ஆங்கிலத்தில் போடுவார். கவிதைத் தாள்களில் இருந்த குண்டு குண்டான தமிழ்க் கையெழுத்துக்கும் அந்தக் கிறுக்கலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரு சனிக்கிழமை அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தபோது மடியில் ஒரு நோட்டு விரிந்திருந்தது. குட்டைக் குட்டை வரிகள், கவிதை மாதிரி. எழுத்து மலையாள எழுத்து. என்னைப் பார்த்ததும் படக்கென்று மூடினார். முகம் வெளுத்துப்போனது.

அதற்கு மேல் என்ன வேண்டும்? யாரோ ஒருவரின் மலையாளக் கவிதைகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து தமிழாக்கி, வேறு யாரையோ வைத்துப் படியெடுத்துக் கொண்டுவருகிறார். நான் முடிவே செய்துவிட்டேன். கீழ்த்தளத்தில் கட்டிப் போட்டிருந்த மலையாள வார இதழ்களை இரண்டு வாரம் தும்மித் தும்மிப் புரட்டினேன். ஒரு வரிகூட அகப்படவில்லை. சந்தேகத்தின் குணத்தைப் பாருங்கள். அகப்படாதபோது, ஒருவேளை இவர் எழுதியதுதானோ என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மூலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதிப்பாளர் போன் செய்தார்.

"அம்மா, நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகுதுங்க. முன்னுரை இன்னைக்குள்ள வந்தா நல்லா இருக்குமுங்க."

"நிறுத்துங்க" என்றேன். "இது மொழிபெயர்ப்பு. மூலம் யாரோடதுன்னு தெரியல. தெரியற வரைக்கும் போட வேண்டாம்."

இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் அப்படிச் சொன்னது நஸீமாவுக்காக இல்லை, அந்த மூலக் கவிஞருக்காகவும் இல்லை. இன்னொரு கடிதம் வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். நியாயம் பேசுகிறோம் என்று நாம் நினைக்கும்போது பல நேரம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். அவசரத்தில் முடிவெடுக்க வேண்டி வந்தால் முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நஸீமாவை நிறுத்திச் சொன்னேன். திருட்டு என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. "சொல்லெல்லாம் மலையாளத்துல இருந்து இறங்கின மாதிரி இருக்கு. பதிப்பகத்துல நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றேன். பண்பாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு.

"இறங்கினதுன்னா என்ன டீச்சர்? களவுன்னா பறையறீங்க?"

நான் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். அவர் நோட்டைப் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். குற்றம் இல்லாதவராக இருந்தால் சண்டை போட்டிருப்பாரே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் வரவில்லை. நான்காவது வாரம் வந்தார், கையில் புதிய தாள்கள். அதே நாற்பது கவிதைகள். அதே குண்டுக் கையெழுத்து. "மலையாளம் எல்லாம் எடுத்துட்டேன் டீச்சர். ஒண்ணுகூட இல்ல. நல்ல தமிழாக்கிக் கொண்டுவந்திருக்கேன்" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

படித்தேன். "ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோனேன்" என்று இருந்தது. "தகப்பனார் வீட்டில் எனக்கு உரிமை இல்லை, கணவர் வீட்டில் எனக்கு உரிமையே இல்லை" என்று இருந்தது. நான் ஓரத்தில் எழுதிய சொற்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். கவிதைகள் கட்டையாகக் கிடந்தன. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவருக்கு எழுத வராது, முதலில் கொடுத்தது கட்டாயம் திருடியதுதான் என்று தோன்றியது. என் திருத்தத்தால்தான் கவிதை செத்தது என்பது கண்ணுக்கு முன்னால் கிடந்தும் தெரியவில்லை.

"அந்த நோட்டைக் கொடுங்க" என்றேன்.

"அது வேண்டாம் டீச்சர்."

"ஏன் வேண்டாம்? மூலத்தை நான் பார்க்கணும்."

அவர் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நான் முதல் பக்கத்தைத் திறந்து, மலையாளம் படிக்கிற வழக்கப்படி கண்ணாலேயே ஓட்டினேன். பிடிபடவில்லை. முப்பது வருஷமாக மலையாளம் படிப்பவளுக்கு ஒரு வரிகூட மலையாளமாகச் சேரவில்லை. ஏதோ பழைய வட்டார வழக்கு போல என்று நினைத்து, எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தேன்.

"பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு..."

என் வாயிலிருந்து வந்தது தமிழ். எழுத்து மட்டும்தான் மலையாளம். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று புரட்டினேன். எல்லாம் தமிழ். வெட்டி, திருத்தி, மறுபடி எழுதி, ஒரு வரிக்கு ஐந்து விதம் முயன்று பார்த்த நோட்டு. எதையும் பார்த்து எழுதியவர் இப்படி அடித்தல் திருத்தல் செய்ய மாட்டார். கடைசிப் பக்கங்களில் வெள்ளம் என்றும் அவகாசம் என்றும் வந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் தாள் கிழியும்படி அடித்திருந்தார். அது இந்த மூன்று வாரத்தில் செய்தது.

"தமிழ் எழுத்து எனக்கு அறியாது டீச்சர்" என்றார் நஸீமா. தலை நிமிரவில்லை. "படிச்சதெல்லாம் மலையாளம். பேச்சு மாத்திரம்தான் தமிழ். நான் வாசிப்பேன், மதினி தமிழ்ல எழுதித் தருவாங்க. அவங்க கம்பத்துல இருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவங்க. எழுத்தே தெரியாதவ எழுத்து கிளாஸுக்கு வந்திருக்காள்னு எல்லாரும் சிரிப்பாங்கன்னு விசாரிச்சுத்தான் மறைச்சேன்."

விசாரிச்சு என்றால் இங்கே நினைத்து என்று அர்த்தம். அன்று அந்தச் சொல்லைக் கேட்டபோது பென்சில் என் கையில் இல்லை, நல்லவேளை.

"நஸீமா, அந்த வெள்ளம் தண்ணியா, இல்ல ஆத்து வெள்ளமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். மதினி வந்த புதுசுல, 'மதினி, கொஞ்சம் வெள்ளம் எடுங்க'ன்னா பயந்து எழும்பி நிப்பாங்க. அவங்க ஊருல வெள்ளம்னா வீடு போகும், ஆடு மாடு போகும். அடுக்களையில அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அப்படிச் சிரிச்சு எழுதினதுதான் டீச்சர் அந்தப் பாட்டு. அவகாசமும் அப்படித்தான். முதல்ல சொல்றது எங்க அவகாசம். ரெண்டாவது மதினியோட அவகாசம்."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அத்தா வீட்டில் உரிமை இல்லை, மாப்பிள்ளை வீட்டில் நேரமே இல்லை. ஒரே சொல், இரண்டு வீடு. இதை மலையாளத்தில் எழுத முடியாது, அங்கே இரண்டாவது அர்த்தம் கிடைக்காது. என் திருநெல்வேலித் தமிழிலும் எழுத முடியாது, முதல் அர்த்தம் கிடைக்காது. மூலம் இருக்கவே வழியில்லாத கவிதைக்கு நான் இரண்டு வாரம் மூலம் தேடியிருக்கிறேன். வேறு யார் இந்தத் தப்பைச் செய்தாலும் மன்னிக்கலாம். இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் உட்கார்ந்து சோறு தின்றவள் செய்திருக்கக் கூடாது.

"தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர், "ஐயோ, டீச்சர் அப்படிப் பறையாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

அங்கேயே நின்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.

"போன மாசம் வேண்டாம்னீங்க, இப்ப போடுங்கிறீங்க. நான் எதைங்க நம்பறது?" என்றார் பதிப்பாளர்.

"என்னை நம்பாதீங்க. முதல்ல அனுப்பின பிரதி உங்ககிட்ட இருக்கும். அதைப் படிச்சுப் பாருங்க. ஒரு சொல்லும் மாத்தாதீங்க."

புத்தகம் வந்தது, முழுப் பெயரோடு. அந்த மாடியிலேயே வெளியிட்டோம். தம்ளர் கவிதையை மதினி வாசித்தபோது முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு சத்தமே இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நஸீமாவும் சந்தோஷமாகத்தான் இருந்தார், எல்லோருக்கும் சாயா ஊற்றிக் கொடுத்தார். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன் பிறகு நஸீமா ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்தார். தாள் எதுவும் கொண்டுவரவில்லை. புத்தகம் வந்த களைப்பு என்று முதலில் நினைத்தேன். ஒரு மாதம் போனது, ஆறு மாதம் போனது, ஒரு வருஷமும் ஆகிவிட்டது. போன மாதம் தாங்க முடியாமல் கேட்டேன், புதிதாக எதுவும் எழுதவில்லையா என்று.

"இருக்கேன் டீச்சர், தினமும் நோட்டைத் திறந்து வச்சு உட்கார்ந்திருக்கேன்" என்றார். "ஒரு வாக்கு எழுதினா, இது தமிழா மலையாளமான்னு ஒரு சம்சயம் வருது. அடிச்சிடறேன். அடுத்ததுக்கும் அதே சம்சயம். முன்னாடி எனக்கு அப்படி ரெண்டு இருக்குன்னே அறியாது. எல்லாம் வீட்டுல பேசற வாக்குதானே. இப்ப ஒவ்வொண்ணையும் நோக்கி, நீ எங்கிருந்து வந்தேன்னு கேட்டுட்டு இருக்கேன்."

அவர் என்மேல் பழி போட்டுச் சொல்லவில்லை. தலைவலி வருகிறது என்று டாக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னார். திருடி என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், கிடைத்தது. என் நோயை அவருக்கு ஒட்டவைத்ததற்கு யாரிடம் கேட்பது?

"நான் இங்க இல்லாம வேற யாராவது வகுப்பெடுத்தா எழுத வருமா நஸீமா?"

"எதுக்கு டீச்சர் அப்படிக் கேட்கறீங்க" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். மறுவாரம் வாசகசாலைச் செயலாளரிடம் சாவியைக் கொடுத்தேன்.

திருட்டைக் கண்டும் காணாமல் விட்டுவிடச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் தேடுங்கள், மூலத்தைக் கண்டுபிடித்தால் கறாராக நில்லுங்கள். ஆனால் உங்கள் கையில் நோட்டு இருக்கும்போது, ஆளைக் கேட்பதற்கு முன் நோட்டை வாய்விட்டு வாசியுங்கள். எனக்கு அது ஐந்து நிமிஷ வேலை.

சனிக்கிழமை நஸீமா வருவார். பேனாவை மூடி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார், ஒன்றும் கேட்காதீர்கள். எழுதுகிறாரா என்று எட்டிப் பார்க்காதீர்கள். படகுத்துறையிலோ பஸ்ஸிலோ என்னைப் பார்த்தால் நானே உங்களை நிறுத்தி, அவர் ஏதாவது கொடுத்தாரா என்று கேட்பேன், இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. கொடுத்திருந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள்.